வீட்டுல முகக்கவசம் தைக்கது, மாட்டுறது, துவைக்கது: துணி எடுக்கதுல இருந்து கடைசி வரைக்கும்

2020 கொரோனா லாக்டவுன் நேரம் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்துல எங்க வீட்டு முன்னறையில கால் மெஷினை இழுத்துப் போட்டு மாஸ்க் தைக்க ஆரம்பிச்சேன், முதல்ல வீட்டுக்கு மட்டும், பிறகு எங்க மகளிர் குழுவுல உள்ளவங்களுக்கு, பிறகு கேட்டவங்களுக்கு எல்லாம். எத்தனை தைச்சேன்னு எண்ணி வைக்கல. ஆனா கூட தைக்க வந்த பிள்ளைகள் எங்க எங்க தப்பு விட்டாங்கன்னு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அதுல பாதி தப்பை அவங்களுக்கு முன்னாடி நானே செஞ்சு முடிச்சிருந்தேன். இப்பவும் காய்ச்சல் சீசன் வந்தா "அக்கா, அந்த அளவு ஒண்ணு சொல்லுங்க"ன்னு யாராவது வந்து நிப்பாங்க. அதான் ஒரேயடியா எழுதிப் போடுதேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுதேன். துணி மோசமா இருந்து வீணாப்போன மாஸ்க் நான் பாத்தது கம்மி. ஓரத்துல கேப் விட்டதும், மாட்டுன பிறகு கையை வச்சு வச்சு கெடுத்ததும் தான் ஜாஸ்தி. அதனால தையலை விட ஓரத்துக்கும் கைக்கும் தான் இங்க கூட நேரம் எடுத்திருக்கேன், தையல் தெரிஞ்சவங்களும் அந்த பகுதியை தாண்டிப் போகாதீங்க.

1. இது யாருக்கு, யாருக்கு வேண்டாம்

துணி மாஸ்க்கோட முக்கியமான வேலை நாம பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கிற எச்சில் துளி அடுத்தவங்க மேல போகாம தடுக்கது. நமக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு, ஆனா அது முழு கவசம் இல்ல. சந்தைக்கு, கடைக்கு, பஸ்ஸுல போக இது ஆகும். வீட்டுல நோயாளியை பாத்துக்கிடுறவங்க, ஆஸ்பத்திரியில கூட நிக்கிறவங்க, வயசானவங்க, ஏற்கனவே சுகர், ஆஸ்துமான்னு இருக்கவங்க, இவங்களுக்கு மெடிக்கல் மாஸ்க் (சர்ஜிக்கல் மாஸ்க்னும் சொல்லுவாங்க) தான், நோயாளி பக்கத்துலயே நிக்கணும்னா கிடைச்சா என்-95. அதுல சில்லறை மிச்சம் பிடிக்காதீங்க.

5 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மாஸ்க் வேண்டாம். தானா கழட்டத் தெரியாதவங்க, மூச்சு விட சிரமப்படுறவங்க யாருக்கும் மாட்டி விடாதீங்க. பச்சப் பிள்ளைக்கு பூனைக்குட்டி படம் போட்ட மாஸ்க் தைச்சுத் தரச் சொல்லி ஒருத்தங்க வந்தாங்க, துணியும் அழகா தான் இருந்தது, நான் முடியாதுன்னுட்டேன், மூஞ்சை தூக்கி வச்சிட்டு போனாங்க.

2. உட்காருறதுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது

துணி, இன்ச் டேப், நல்ல கத்திரிக்கோல், மெஷின் இல்லன்னா ஊசி நூல், இலாஸ்டிக் இல்லன்னா நாடா, மூக்குக்கு ஒரு மெல்லிசு கம்பி, துணிக்கு போடுற கிளிப் நாலஞ்சு, அயர்ன் பாக்ஸ், அட்டையில வெட்டுன அளவு ஒண்ணு.

குண்டூசிக்கு பதிலா கிளிப் ஏன்னா, ஊசி குத்துன இடம் ஓட்டை தானே. சாதாரண காட்டன்ல அது மூடிக்கிடும், நடுவுல வைக்கிற நான் ஓவன் (non-woven, நெய்யாத) துணியில மூடாது, வெளிச்சத்துல பிடிச்சா நட்சத்திரம் மாதிரி தெரியும்.

அட்டை அளவு கண்டிப்பா வேணும். ஒவ்வொரு தடவையும் டேப் வச்சு அளந்து வெட்டுன பிள்ளைகளுக்கு பத்தாவது துண்டு வரும்போது அரை இன்ச் மாறிப் போயிருக்கும், மூணு அடுக்கையும் சேத்து வச்சா ஓரம் ஓரமா நிக்காது. ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை போதும்.

வேலை தொடங்குறதுக்கு முன்னாடி கையை சோப்பு போட்டு கழுவிட்டு மேசையையும் துடைச்சிடுங்க. மூக்குக்கும் வாய்க்கும் பக்கத்துல இருக்கப் போற துணி இது. சளி, காய்ச்சல் இருந்தா அன்னைக்கு தைக்கவே வேண்டாம், அடுத்தவங்களுக்கு தைக்கதா இருந்தா கண்டிப்பா வேண்டாம்.

3. எந்த துணி, எந்த அடுக்கு எங்க

மூணு அடுக்கு. 2020 ஜூன்ல உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் இது தான்: உள்ள மூஞ்சில படுறது ஈரத்தை இழுக்கிற காட்டன், நடுவுல வடிகட்டுறதுக்கு நான் ஓவன் துணி, வெளிய ஈரத்தை சீக்கிரம் இழுக்காத பாலியெஸ்டர் கலந்த துணி. உள்ள காட்டன் வச்சா நம்ம மூச்சு ஈரத்தை அது எடுத்துக்கிடும், மூஞ்சு நசநசன்னு இருக்காது. வெளிய கலப்பு துணி வச்சா அடுத்தவங்க துளி பட்டா உடனே உறிஞ்சி உள்ள கொண்டு வராது.

எங்க பக்கத்துல கிடைக்கதை வச்சு சொன்னா, உள்ளுக்கு பாப்ளின், இல்லன்னா பிளவுசுக்கு எடுக்கிற டூ பை டூ, இல்லன்னா நெருக்கமா நெய்த பழைய வேஷ்டி. வெளிய சட்டைத் துணி, யூனிஃபார்ம் துணி. நடுவுக்கு கல்யாண வீட்டுல தேங்காய் பழம் போட்டுத் தந்த துணி மாதிரி இருக்குமே அந்த பை, அது தான் பாலிபுரொப்பிலீன் நான் ஓவன். பிரிண்ட் இல்லாத பக்கத்தை மட்டும் வெட்டி எடுங்க, மாப்பிள்ளை பொண்ணு பேர் அச்சடிச்ச மை மூக்குக்கு நேரா வர வேண்டாம். நான் ஓவன் கிடைக்கலைன்னா மூணு அடுக்கும் காட்டனே வைங்க, சும்மா ரெண்டோட நிறுத்தாதீங்க.

இப்ப முக்கியமான தப்பு. துவர்த்து. எங்க ஊர்ல வீட்டுக்கு நாலு துவர்த்து (உடம்பு துடைக்கிற துண்டு) சும்மா கிடக்கும், மெத்துனு இருக்கும், காட்டன் தான், அப்பம் எல்லாரும் முதல்ல அதைத் தான் வெட்டுவாங்க. துவர்த்து நெசவு அகலமானது, சீக்கிரம் காயணும்னே அப்படி நெய்யது. சூரியனுக்கு நேரா பிடிச்சா அந்தப்பக்கம் உள்ள தென்னை மரம் தெரியும். மூணா மடிச்சாலும் சரியா வராது. பழைய சாரமும் (லுங்கி) அப்படித் தான், பல வருஷம் உடுத்து நைஞ்சு போன பகுதியை எடுக்காதீங்க, மடிப்புக்குள்ள இருந்த கெட்டியான பகுதியை எடுங்க. பனியன் துணி இழுத்தா கண் விரியும், அதுவும் வேண்டாம் (நாடாவுக்கு மட்டும் ஆகும், பிறகு சொல்லுதேன்).

துணி சரியான்னு பாக்க ஒரே வழி, ஒத்தை அடுக்கை பல்புக்கு நேரா பிடிங்க. இழை இழையா, புள்ளி புள்ளியா வெளிச்சம் வந்தா அது கர்ச்சீப்புக்கு.

4. முதல்ல துவைக்கணும், பிறகு தான் வெட்டணும்

இந்த வரிசையை மாத்தி நான் நல்லா பட்டிருக்கேன். புது பாப்ளின் வாங்கிட்டு வந்த அன்னைக்கே ஆர்வத்துல வெட்டி, ரெண்டு நாள் இருந்து நாப்பது மாஸ்க் தைச்சேன். கொடுத்த வீட்டுல எல்லாம் ஒரு தடவை துவைச்சதும் சுருங்கி, மூக்கை மூடுனா தாடை தெரியுது, தாடையை மூடுனா மூக்கு தெரியுது. எங்க மைனி (அண்ணி) அதை கையில வச்சுக்கிட்டு "இது நம்ம கொச்சுக்கு (சின்னப் பிள்ளைக்கு) தைச்சதா?"ன்னு கேட்டாங்க.

புது காட்டன்ல கஞ்சி இருக்கும், முதல் துவைப்புல சுருங்கும். அதனால வெந்நீர்ல சோப்புத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊற வச்சு, அலசி, வெயில்ல காய வச்சு, தேய்ச்சு, பிறகு வெட்டுங்க. நான் ஓவன் துணி சுருங்காது, அதை சும்மா சோப்புல அலசி எடுத்தா போதும். அதை மட்டும் அயர்ன் பண்ணிராதீங்க, சூடு பட்டா உருகி பெட்டியில ஒட்டிக்கிடும், எங்க அயர்ன் பாக்ஸ் அடியில இன்னும் அந்த தடம் இருக்கு.

5. அளவும் வெட்டும்

பெரியவங்களுக்கு குறுக்க 8.5 இன்ச், நெடுக்க 7.5 இன்ச். சுத்திலும் கால் இன்ச் தையலுக்கு போனா 8க்கு 7 வரும், மூணு மடிப்பு எடுத்த பிறகு உயரம் 4 இன்ச்ல நிக்கும். பள்ளிக்கூடம் போற 6 முதல் 12 வயசு பிள்ளைகளுக்கு 7க்கு 6 வெட்டுங்க, ரெண்டு மடிப்பு போதும். தாடை அகலமான ஆம்பளைகளுக்கு நெடுக்க அரை இன்ச் கூட்டிக்கிடுங்க.

இலாஸ்டிக் பெரியவங்களுக்கு ஒரு காதுக்கு 6.5 இன்ச், பிள்ளைகளுக்கு 5. லாக்டவுன்ல கடை எல்லாம் மூடிக் கிடந்தப்பம் இலாஸ்டிக் கிடைக்கல, அப்பம் பழைய பனியனை முக்கால் இன்ச் அகலத்துல நீளமா வெட்டி ஒரு இழு இழுத்தேன், தானா சுருண்டு கயிறு மாதிரி ஆகிடும், காதுக்கும் வலிக்காது. உண்மையில இலாஸ்டிக்கை விட அது தான் எனக்கு பிடிச்சது.

காதுல மெஷின் வச்சிருக்க தாத்தா பாட்டிமாருக்கு காது இலாஸ்டிக் வேண்டாம், கழட்டும்போது மெஷினும் சேந்து வந்து கீழ விழும். அவங்களுக்கு தலைக்குப் பின்னாடி கட்டுற நாடா, நாலு துண்டு, ஒவ்வொண்ணும் 18 இன்ச். கொண்டை போடுறவங்களுக்கும் இது நல்லா நிக்கும், மேல் நாடா கொண்டைக்கு மேல, கீழ் நாடா கழுத்துல.

6. தையல்: இந்த வரிசையை மாத்தாதீங்க

வெளித் துணியை நல்ல பக்கம் மேல பாக்க மேசையில விரிங்க. இலாஸ்டிக்கோட ரெண்டு முனையையும் ஒரு பக்கத்து மேல் மூலையிலயும் கீழ் மூலையிலயும் வைங்க, வளைவு உள்பக்கமா கிடக்கணும், முனை மட்டும் ஓரத்துல லேசா வெளிய நீட்டிட்டு இருக்கணும். இலாஸ்டிக் முறுக்கிக் கிடக்கான்னு பாத்துக்கிடுங்க. அந்தப்பக்கமும் இதே மாதிரி. அதுக்கு மேல உள் துணியை நல்ல பக்கம் கீழ பாக்க கவுத்துங்க. அதுக்கும் மேல நான் ஓவன். மூணையும் கிளிப் போட்டு நிறுத்துங்க.

நான் ஓவனை நடுவுல தானே வரணும்னு தைக்கும்போதே நடுவுல வச்சு தைச்ச பிள்ளைகள் நிறைய பேர். பிரட்டுன உடனே அது வெளிய வந்து நிக்கும். கவுத்துப் போட்டு தைக்கும்போது கடைசியில மேல வச்சா தான் பிரட்டுனதும் உள்ள போகும். சந்தேகம் இருந்தா ஒரு நியூஸ் பேப்பர் மூணு துண்டு வச்சு ஒரு தடவை செஞ்சு பாருங்க.

சுத்தி கால் இன்ச்ல தையல் போடுங்க, கீழ் ஓரத்துல மட்டும் நடுவுல 2 இன்ச் விட்டுருங்க. நாலு மூலையிலயும் ரெண்டு தடவை முன்ன பின்ன ஓட்டுங்க, இலாஸ்டிக் பிய்யுறது எப்பவும் அங்க தான். பிறகு அந்த 2 இன்ச் வழியா வெளிய பிரட்டுங்க, மூலையை ஒரு பென்சிலால தள்ளி நேராக்குங்க. கத்திரிக்கோல் நுனியால தள்ளி ஓட்டை போட்டுராதீங்க.

இப்ப மூக்குக் கம்பி. இதை இங்க வைக்க மறந்துட்டு கீழ் ஓரத்தை மூடிட்டு "அய்யோ அக்கா கம்பி"ன்னு சொல்லாத பிள்ளை எங்க வீட்டுல தைச்சதே இல்ல. 5 இன்ச் கம்பி, ரெண்டு முனையையும் கால் இன்ச் மடிச்சு வளையமா ஆக்குங்க, இல்லன்னா ஒரு நாள் துணியை கிழிச்சுட்டு கண்ணுக்கு கீழ குத்தும். கீழ உள்ள வாய் வழியா விட்டு மேல் ஓரம் வரை தள்ளி, அதுக்கு அரை இன்ச் கீழ ஒரு நேர் தையல், ரெண்டு முனைக்கு பக்கத்துலயும் ஒரு குட்டி தையல், அப்பம் அது அங்கயும் இங்கயும் ஓடாது. மெதுவா ஓட்டுங்க, ஊசி கம்பியில பட்டா ஊசி உடைஞ்சு தெறிக்கும்.

கம்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிசு செப்புக் கம்பி நல்லது, வயரிங் வேலை நடந்த வீட்டுல மிச்சம் கிடக்கும். ஸ்டேப்ளர் பின், பேப்பர் கிளிப், பூ கட்டுற இரும்புக் கம்பி எல்லாம் துரு பிடிக்கும், அதுவும் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு கடல் காத்து அடிக்கிற இடத்துல ரெண்டு துவைப்பு கூட தாங்காது.

அடுத்து மடிப்பு. அரை இன்ச் ஆழத்துல மூணு மடிப்பு, ஒவ்வொண்ணும் ஒரு இன்ச் துணியை தின்னும். வெளிப்பக்கம் பாத்தா மடிப்போட வாய் கீழ பாக்க இருக்கணும். மேல பாக்க இருந்தா நம்ம ஓட்டு வீட்டுல ஓட்டை தலைகீழா போட்ட மாதிரி, தூசியும் துளியும் அதுக்குள்ள போய் தங்கும். பிள்ளைகள் உள்பக்கத்தை மேல வச்சு மடிக்கும், அப்பம் எல்லாம் மாறிடும். வெளிப்பக்கம் மேல இருக்கான்னு பாத்துட்டு மடிக்க ஆரம்பிங்க. காட்டன் பக்கம் மட்டும் லேசான சூட்டுல ஒரு அழுத்து அழுத்துங்க, பிறகு ரெண்டு பக்க ஓரமும் ரெண்டு தையல், கீழ விட்ட வாயையும் சேத்து மூடிடுங்க.

மெஷின் இல்லாதவங்க கையால பின்தையல் போட்டாலே போதும், ஒரு மாஸ்க்குக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நெருக்கமா போடுங்க அவ்வளவு தான். இன்னொண்ணு, அழகுக்காக நடுவுல பூ தையல், லேஸ் எல்லாம் வேண்டாம். முளகுமூடு லேஸ் உலகத்துல எங்க போனாலும் பேர் போனது தான், ஆனா லேஸ்னாலே ஓட்டை தானே. அவ்வளவு ஆசையா இருந்தா இலாஸ்டிக் பக்கம் ஒரு குட்டி பூ போட்டுக்கிடுங்க.

7. கொடுக்கதுக்கு முன்னாடி சோதனை

மாட்டிட்டு ஒரு தீக்குச்சியை ஒரு சாண் தூரத்துல பிடிச்சு வாயால ஊதுங்க. அணைஞ்சா துணி சரியில்ல. முடியை கட்டிட்டு செய்யுங்க, பாலியெஸ்டர் சட்டுனு பிடிக்கும்.

அடுத்தது ஓரம். ரெண்டு உள்ளங்கையையும் கன்னத்துக்கு பக்கத்துல வச்சு பலமா மூச்சு விடுங்க, காத்து கையில அடிக்கா? பக்கத்துல அடிச்சா இலாஸ்டிக்ல ஒரு முடிச்சு போட்டு குறைங்க. மேல கண்ணுல அடிச்சா, இல்ல கண்ணாடி மங்குனா, கம்பியை மூக்குப் பாலத்துல ரெண்டு கை விரலாலயும் அழுத்தி வளைங்க. ஒரு கையால கிள்ளுனா நடுவுல கூம்பா நிக்கும், ரெண்டு பக்கமும் கேப் விழும்.

கடைசியா, போட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் சத்தமா பேசுங்க. ஒண்ணுல இருந்து அம்பது வரை எண்ணுங்க. மூக்குல இருந்து இறங்குச்சுன்னா நெடுக்க அளவு பத்தல. இதை செய்யாம கொடுத்தா என்ன நடக்கும்னா, மாட்டுன ஆளு பேசும்போது எல்லாம் கையால மேல தூக்கி விட்டுக்கிட்டே இருப்பாங்க. நல்ல மூணு அடுக்கு மாஸ்க்கும் அதோட போச்சு. தாடி அடர்த்தியா வச்சிருந்தா எந்த மாஸ்க்கும் ஓரம் ஒட்டாது, அதுக்கு தையல்ல மருந்து இல்ல.

8. மாட்டுறதும் கழட்டுறதும்

கை கழுவு, மாட்டு, தொடாத, கழட்டு, கை கழுவு. எங்க குழுவுல சின்னப் பிள்ளைகளுக்கு பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்தோம்.

மாட்டும்போது காது இலாஸ்டிக்கை மட்டும் பிடிங்க. மூக்குக்கு மேல வச்சு, கம்பியை அழுத்தி, கீழ் ஓரத்தை தாடைக்கு அடியில இழுத்து விடுங்க. கழட்டும்போதும் காது பக்கத்துல பிடிச்சு முன்பக்கமா எடுக்கணும், மூஞ்சுக்கு நேரா உள்ள பகுதியை தொடவே கூடாது, ஏன்னா நாள் பூரா வெளிய உள்ளது எல்லாம் வந்து ஒட்டுன இடம் அது. கழட்டுன உடனே கையை கழுவிடுங்க.

நான் பாத்த தப்புகள்ல முதல் இடம் தாடைக்கு இறக்கி விடுறது. சாயா குடிக்க இறக்குவாங்க, போன் பேச இறக்குவாங்க, வடசேரி சந்தையில விலை பேசும்போது கண்டிப்பா இறக்குவாங்க. சத்தம் போட்டு பேசும்போது தான் வாய்ல இருந்து கூடுதலா துளி தெறிக்கும், அந்த நேரம் பாத்து தான் இறக்குதோம். துறைமுகத்துல மீன் ஏலம் போடுற அண்ணன்மாருக்கு நான் வாய் ஓரம் தொளதொளன்னு இல்லாம, நெடுக்க ஒரு இன்ச் கூட்டி தைச்சுக் கொடுத்தேன், கத்துனாலும் இறங்காது.

சாப்பிடணும்னா முழுசா கழட்டி ஒரு பேப்பர் கவர்ல போடுங்க. சட்டைப் பையில ரெண்டு கவர் வச்சுக்கிடுங்க, ஒண்ணு நல்லது, ஒண்ணு அழுக்கு. பைக் கண்ணாடியில தொங்க விடுறது, முழங்கையில மாட்டுறது, மேசையில கவுத்துறது எதுவும் வேண்டாம்.

ஈரமானா மாத்தணும். மழையில நனைஞ்சாலும், வேர்வையில நனைஞ்சாலும் அப்படித் தான். அண்டி ஆபீசுல (முந்திரிப்பருப்பு ஃபேக்டரி) நாள் முழுக்க உக்காந்து வேலை பாக்குற அக்காமாருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேணும், ஒண்ணு வச்சு ஓட்ட முடியாது. விடியக்காலம் ரப்பர் வெட்ட தனியா தோட்டத்துக்குள்ள போறவங்களுக்கு மரத்துக்கு முன்னாடி மாஸ்க் அவசியம் இல்ல, ஜீப்புல நெருக்கி உக்காந்து போகும்போது தான் அவசியம். நிறைய பேர் இதை மாத்தி செய்வாங்க.

கூட்டம் கூடுன இடத்துக்கு போகணும்னா உள்ள சர்ஜிக்கல் மாஸ்க், அதுக்கு மேல துணி மாஸ்க். துணி மேல அழுத்தி ஓரத்தை மூடும். ரெண்டு சர்ஜிக்கல் ஒண்ணுக்கு மேல ஒண்ணு போட்டா ஓரம் அப்படியே தான் இருக்கும், பிரயோஜனம் இல்ல. வால்வு வச்ச மாஸ்க்ல நாம விடுற மூச்சு வடிகட்டாம வெளிய போகும், அடுத்தவங்களுக்கு அது பாதுகாப்பு இல்ல.

9. துவைக்கதும் காய வைக்கதும்

தினமும் துவைக்கணும். சோப்பு போட்டு கழுவி, 15 நிமிஷம் கொதிக்கிற வெள்ளத்துல போடுங்க (எங்க பக்கம் தண்ணிக்கு வெள்ளம்னு தான் சொல்லுவோம், பதறாதீங்க). குக்கர்ல கொஞ்சம் உப்பு சேத்து 10 நிமிஷம் வைக்கலாம். நான் ஓவன் கொதிக்கிற வெள்ளத்துல உருகாது, நேரா அயர்ன் சூட்டுல தான் உருகும். பிளீச்சிங் பவுடர்ல மாஸ்க்கை முக்காதீங்க, மூச்சோட உள்ள போய் தொண்டை எரியும்.

பிறகு வெயில்ல 5 மணி நேரம். இங்க தான் நம்ம மாவட்டத்துக்கு தனிப் பாடு. நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, குலசேகரம் பேச்சிப்பாறை பக்கம் சொல்லவே வேண்டாம், துணி மூணு நாள் கொடியில கிடந்தாலும் ஒரு வாடை வரும். அதனால ஆளுக்கு மூணு போதும்னு வெளியூர்க்காரங்க சொல்லுவாங்க, நமக்கு ஆறு வேணும். பிழிஞ்சு துவர்த்துக்குள்ள சுருட்டி மிதிச்சு எடுத்தா (துவர்த்துக்கு இங்க வேலை உண்டு) பாதி ஈரம் போகும், பிறகு ஃபேனுக்கு அடியில தொங்க விட்டு, கடைசியா காட்டன் பக்கம் லேசா தேய்ங்க. அடுப்புக்கு மேல கம்பி கட்டி தொங்க விடாதீங்க, புகை வாடை போகாது, தீயும் பிடிக்கும். ஈரத்தோட எடுத்து மாட்டவே கூடாது. கரும்புள்ளி விழுந்தா அது பூஞ்சை, துவைச்சு சரி பண்ண பாக்காம தூக்கிப் போடுங்க.

சர்ஜிக்கல் மாஸ்க்கையும் என்-95ஐயும் துவைக்காதீங்க. பாக்க புதுசு மாதிரி வரும், வடிகட்டுற சக்தி போயிருக்கும்.

10. கை கழுவுறது

சோப்பும் வெள்ளமும் தான் முதல். கொரோனா வைரஸுக்கு வெளிய ஒரு கொழுப்பு உறை உண்டு, எண்ணெய் பிசுக்கை எடுக்கிற மாதிரியே சோப்பு அதை உடைச்சிடும். அதுக்கு நேரம் வேணும், 20 வினாடியாவது தேய்க்கணும். எல்லாரும் உள்ளங்கையை மட்டும் தேய்ப்பாங்க. விடுபடுறது பெருவிரல், விரல் நுனி, நகத்துக்கு அடி, மோதிரத்துக்கு அடி.

கிணத்து வீடுகள்ல நடக்கிற ஒரு தப்பு, அழுக்கு கையோட மக்கை எடுத்து வாளிக்குள்ள முக்குவாங்க. மக் பிடியும் வாளியும் போச்சு. இன்னொருத்தர் ஊத்தணும், இல்லன்னா வாசல்ல காலால மிதிக்கிற குழாய் ஒண்ணு கட்டுங்க. 5 லிட்டர் கேனோட கழுத்துக்கு கீழ ஆணியை சுட வச்சு ஒரு ஓட்டை, கேனை பிடியில கம்பு விட்டு தொங்க விடுங்க, கழுத்துல ஒரு கயிறு, கயிறோட அடியில ஒரு கம்பு. கம்பை மிதிச்சா கேன் சாயும், வெள்ளம் வரும், கையால எதையும் தொட வேண்டாம். சோப்பை பழைய கொசுவலைத் துணியில போட்டு பக்கத்துல கட்டி விடுங்க, காக்கா தூக்கிட்டு போகாது.

சானிடைசர் வெளிய போன இடத்துக்கு. ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு மேல இருக்கான்னு பாட்டில்ல பாத்து வாங்குங்க. அழுக்கு, மீன் பிசுக்கு இருக்க கையில அது சரியா வேலை செய்யாது. போட்ட உடனே அடுப்பு பக்கம் போகாதீங்க.

11. வெளிய போயிட்டு வந்ததும்

செருப்பு வாசல்ல, கை கழுவல், மாஸ்க் கழட்டல், நேரா துவைக்கிற வாளி, திரும்ப கை கழுவல், பிறகு தான் பிள்ளையை தூக்குறது. போனை மறந்துடுவோம், கடையில மேசை மேல வச்சிருப்போம், சானிடைசர்ல நனைச்ச துணியால ஒரு துடை.

காய்கறியை சோப்புல கழுவாதீங்க, எங்க தெருவுல ஒருத்தங்க கத்தரிக்காயை டெட்டால்ல ஊற வச்சு குழம்பு வச்சு வீடே அதை வாயில வைக்கல. ஓடுற வெள்ளத்துல தேய்ச்சு கழுவுனா போதும். அந்த நேரத்தை ஜன்னல் திறக்கதுக்கு செலவு பண்ணுங்க. அடைச்ச அறையில பத்து பேர் உக்காந்தா நோய் பரவுறது சுலபம், எதிர் எதிர் ஜன்னல் ரெண்டையும் திறந்து வச்சா காத்து வெளிய தள்ளிடும்.

12. பிளீச்சிங் பவுடர் கரைக்கது

தரை, கக்கூஸ் துடைக்க மட்டும். ஒரு லிட்டர் வெள்ளத்துக்கு 30 கிராம், பிளாஸ்டிக் வாளியில கரைச்சு, தெளிய விட்டு, மேல உள்ள தெளிவை மட்டும் எடுங்க. கையுறை போட்டு, ஜன்னல் திறந்து வச்சு செய்யுங்க. தடவி 10 நிமிஷம் விட்டுட்டு துடைங்க. அன்னன்னைக்கு கரைச்சதை அன்னன்னைக்கே தீத்திடணும், மறுநாள் வீரியம் இருக்காது.

ரப்பர் உள்ள வீட்டுக்காரங்க இதை ரெண்டு தடவை வாசிங்க. ரப்பர் பால் உறைய வைக்க ஆசிட் வச்சிருப்பீங்க, பால் கெடாம இருக்க அமோனியாவும் சில வீட்டுல இருக்கும். பிளீச்சிங் பவுடர் இந்த ரெண்டுல எதோட சேந்தாலும் விஷவாயு வரும். ஆசிட் கலக்குன வாளி, டிஷ், மக் எதுலயும் பிளீச்சிங் கரைக்காதீங்க, கழுவிட்டேனேன்னு கூட செய்யாதீங்க, தனி வாளி வைங்க. கக்கூஸ் கழுவுற ஆசிட்டோட சேத்தாலும் இதே கதை தான்.

13. வீட்டுல ஒருத்தருக்கு கொரோனா வந்துட்டா

தனி அறை, ஜன்னல் திறந்து. தனி அறை இல்லாத வீடு தான் நிறைய, அப்பம் நோயாளியை காத்து வெளிய போற ஜன்னல் பக்கம் படுக்க வச்சு மத்தவங்க தள்ளிப் படுங்க. நோயாளியும், பாத்துக்கிடுறவங்களும் ரெண்டு பேரும் மெடிக்கல் மாஸ்க். பாத்துக்கிட ஒரே ஆளை வைங்க, அம்மா, அத்தை, மைனின்னு மாறி மாறி உள்ள போகாதீங்க. தட்டு, தம்ளர், துவர்த்து தனியா.

ஆவி பிடிக்கதால வைரஸ் சாகாது. மூக்கடைப்புக்கு சுகமா இருக்கும், ஆனா சட்டியை கட்டில்ல வச்சு தொடையில கொட்டிக்கிட்டு தீக்காயத்தோட போனவங்க உண்டு. மூச்சு வாங்குனா, நெஞ்சு அடைச்சா, விரல்ல மாட்டிப் பாக்குற மெஷின்ல ஆக்சிஜன் 94க்கு கீழ காட்டுனா கஷாயம் வச்சு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

14. எப்பம் தூக்கிப் போடணும், எப்படி போடணும்

துணி மாஸ்க் துவைச்சு துவைச்சு மெல்லிசா ஆகும், மாசம் ஒரு தடவை திரும்ப பல்புக்கு நேரா பிடிச்சு பாருங்க. இலாஸ்டிக் மட்டும் தொய்ஞ்சிருந்தா மாத்தி தைச்சுக்கிடலாம், துணி நைஞ்சிருந்தா அவ்வளவு தான். கம்பியை மட்டும் உருவி எடுத்து அடுத்ததுக்கு வச்சுக்கிடுங்க, நான் இன்னும் 2020ல வெட்டுன கம்பியைத் தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.

ஒரு தடவை போட்டு எறியுற மாஸ்க்கை ரெண்டா வெட்டுங்க, இலாஸ்டிக்கையும் வெட்டுங்க, பேப்பர் கவர்ல போட்டு 72 மணி நேரம் தனியா வச்சுட்டு பிறகு குப்பைக்காரங்க கிட்ட கொடுங்க. வெட்டாம போட்டா யாராவது பொறுக்கி திரும்ப மாட்டுவாங்க, இலாஸ்டிக் முழுசா கிடந்தா கடற்கரையில கொக்கு காலுல சிக்கும். வெட்டுன கத்திரிக்கோலை கழுவ மறந்துராதீங்க, அடுத்து அதே கத்திரியை எடுத்து தான் புதுத் துணி வெட்ட உக்காருவீங்க.